மின்னலை அளந்த மனிதர்

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை



ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன், ராமன், டெஸ்லா என்று பெரிய பெயர்களை எல்லாம் முதல் நாளே நம்ம பசங்க பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் மெஷின்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிற ஒருவரை. ஹிஸ்டரிசிஸ் இழப்புக்கு ஒரு சூத்திரம் படித்திருப்போமே, அதில் காந்தப்புல அடர்த்தியின் தலைமேல் 1.6 என்று ஓர் அடுக்கு உட்கார்ந்திருக்கும். ஒன்றரையும் இல்லை, இரண்டும் இல்லை, அதென்ன 1.6? அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்தான் நம் கதாநாயகர், சார்லஸ் ப்ரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

ஆனால் நான் இவரைத் தேடிப் போனது அந்தச் சூத்திரத்துக்காக அல்ல, மின்னலுக்காக. அந்தக் காரணம் நடுவில் வரும்.

1865 ஏப்ரல் 9-ஆம் தேதி, அன்றைய ப்ரஷ்ய நாட்டில் ப்ரெஸ்லாவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். பிறக்கும்போதே முதுகில் கூன், இடுப்பு எலும்பிலும் கோளாறு. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே கூன் இருந்தது. ஒரு வயதில் அம்மா போய்விட்டார். அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். வளர்ந்த பிறகும் ஸ்டைன்மெட்ஸின் உயரம் நான்கு அடியைக் கொஞ்சம்தான் தாண்டியது.

உடம்பு இப்படி, ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் ஆளே வேறு! ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தோழர்கள் வைத்த பட்டப்பெயர்தான் ப்ரோட்டியஸ். கிரேக்கக் கதைகளில் நினைத்த நேரத்தில் நினைத்த உருவம் எடுக்கும் கடல் கிழவன் ஒருவன் வருவான், அவன் பெயர் அது. பட்டப்பெயர் வைத்தால் நாம் சண்டைக்குப் போவோம். இவர் பிற்காலத்தில் அதையே தன் சொந்தப் பெயரின் நடுவில் சேர்த்துக்கொண்டார்.

படிப்பு முடிய வேண்டிய நேரத்தில் வந்தது வினை. அப்போது ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி. சோஷலிஸ்ட்டுகளை ஒடுக்கத் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். ஸ்டைன்மெட்ஸ் ஒரு சோஷலிஸ்ட் பத்திரிகையின் ஆசிரியர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் தேட ஆரம்பித்ததும் 1888-ல் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்திருந்தும் டாக்டர் பட்டம் கைக்கு வரவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்துக்குப் போய் அங்கே பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம், பாலிடெக்னிக்தான்! நம்முடையது மாதிரி டிப்ளமோ இடம் இல்லை அது, பெரிய தொழில்நுட்பக் கல்லூரி. இருந்தாலும் அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் மார்பு நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

1889-ல் ஆஸ்கர் அஸ்முசென் என்ற நண்பரோடு கப்பல் ஏறி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை, ஆங்கிலம் சரியாக வராது, கூன் விழுந்த உடம்பு, போதாததற்குச் சளி பிடித்து முகம் வேறு வீங்கியிருந்தது. குடியேற்ற அதிகாரிகள் பார்த்தார்கள். இந்த ஆள் உழைத்துச் சாப்பிட மாட்டான், நாட்டுக்குப் பாரம் என்று திருப்பி அனுப்பிவிடப் பார்த்தார்கள். அஸ்முசென்தான் முன்னால் வந்து பேசினார். தன்னிடம் பணம் இருக்கிறது, இவரைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றார். அந்த ஒரு ஜாமீனில் உள்ளே விட்டார்கள்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சேரும்போது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, கூடவே வந்து வரிசையில் நின்று, எந்தச் சான்றிதழை எங்கே காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர். அப்பா சட்டைப் பையில் பணத்தைப் பிடித்தபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அஸ்முசென் மாதிரி ஒருத்தர் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் முதல் வேலை யாங்கர்ஸ் என்ற ஊரில், ருடால்ஃப் ஐக்மேயர் என்பவரின் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். ஐக்மேயரும் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணமாக வந்தவர்தான். அங்கே மோட்டார் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் மோட்டார் டிசைன் எப்படி என்றால், முதலில் செய், ஓட்டிப் பார், சூடானால் பிரித்து மறுபடி செய். இரும்பில் எவ்வளவு சக்தி வீணாகும் என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. மாறுதிசை மின்சாரத்தில் இரும்பு ஒரு நொடிக்குப் பலமுறை காந்தமாகி, எதிர்த் திசையில் மறுபடி காந்தமாகிறது. அந்தத் தயக்கத்தில் சூடாகிறது. ஸ்டைன்மெட்ஸ் விதவிதமான இரும்புத் தகடுகளை எடுத்து அளந்துகொண்டே போனார். காந்தப்புல அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப இழப்பு கூடுகிறது என்று கண்டு 1892-ல் அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தில் வாசித்தார். அதற்கப்புறம் காகிதத்தில் கணக்குப் போட்டு மோட்டார் செய்யலாம் என்று ஆயிற்று.

அப்போது அவருக்கு வயது 26. ஆங்கிலம் பேசத் தொடங்கி மூன்று வருஷம்கூட நிறையவில்லை.

அடுத்த வருஷமே இன்னொரு வேலை செய்தார். மூன்றாவது செமஸ்டரில் நம்மை ஆட்டிப் படைத்த ஜே ஞாபகம் இருக்கிறதா? மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். இல்லாத எண்ணை வைத்து இருக்கிற மின்சாரத்தை ஏன் கணக்குப் போட வேண்டும் என்று நம்ம வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்ததே! காரணம் இதுதான். ஏ.சி.யில் வோல்ட்டேஜும் கரன்ட்டும் அலையாக ஆடுகின்றன, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நேரடியாகக் கணக்குப் போட்டால் நீளமான கால்குலஸ், பக்கம் பக்கமாக வரும். 1893-ல் சிகாகோவில் நடந்த சர்வதேச மின்சார மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் காட்டிய வழியில் அத்தனையும் சாதாரணக் கூட்டல் பெருக்கலாக மாறிவிட்டது. டி.சி.க்கு ஓம் விதி எழுதுகிற மாதிரியே ஏ.சி.க்கும் எழுதலாம், ரெசிஸ்டன்சுக்குப் பதில் இம்பீடன்ஸ், அவ்வளவுதான். நியாயமாகச் சொன்னால் அதே வருஷம் ஆர்தர் கென்னலி என்பவரும் இதே திசையில் எழுதியிருந்தார், அவருக்கும் முன்னால் இங்கிலாந்தில் ஹெவிசைடு இருந்தார். ஆனால் கால்குலஸ் தெரியாத சாதாரண எஞ்சினியரின் கையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர். 1897-ல் இதைப் புத்தகமாகவும் போட்டார். டிப்ளமோ படிக்கிற நாம் ஏ.சி. சர்க்யூட்டைப் பத்து மார்க்குக்கு ஒரே பக்கத்தில் முடிக்கிறோம் என்றால் அது இவர் போட்ட பாதை.

இதற்கிடையில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஐக்மேயரின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் கூடவே போனார். 1894 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரம்தான் அவர் ஊர். சாகும்வரை அங்கேதான். 1901-ல் மின் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1902-ல் கௌரவப் பட்டம் கொடுத்தது, உள்ளூர் யூனியன் கல்லூரி 1903-ல் டாக்டர் பட்டம் கொடுத்துப் பேராசிரியராகவும் வைத்துக்கொண்டது. ப்ரெஸ்லாவில் விட்டுவிட்டு வந்த பட்டம் பதினைந்து வருஷம் கழித்துக் கடல் தாண்டி வந்து சேர்ந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் கூன் இன்னொரு குழந்தைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் தனிமரமாகவும் நிற்கவில்லை. தன் ஆய்வகத்தில் வேலை செய்த ஜோசப் ஹேடன் என்ற இளைஞரையும் அவர் மனைவியையும் தன் வீட்டிலேயே குடியிருக்கச் சொல்லி, பிறகு ஹேடனைச் சட்டப்படி மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். மூன்று பேருக்கும் இவர்தான் தாத்தா. வீட்டில் கள்ளிச் செடிகள், முதலைகள், பல்லி வகைகள் என்று ஒரு மிருகக் காட்சிசாலையே இருந்தது. வாயில் எந்நேரமும் சுருட்டு. நகரக் கல்வி வாரியத்துக்குத் தலைவராக இருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டார். ஃபோர்டு கம்பெனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பெரிய தொகைக்கு பில் அனுப்பினார் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. நல்ல கதைதான், ஆனால் நடந்ததற்கு உறுதியில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சரி, மின்னலுக்கு வருவோம்.

நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து நூறு மைலுக்கு அப்பால் கொண்டுபோக ஆரம்பித்ததும் கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலி மின்னல். நூறு மைல் கம்பி என்றால் நூறு மைல் நீளத்துக்கு மின்னலுக்குக் கை நீட்டி நிற்கிற மாதிரி. எங்கேயோ விழுந்த மின்னல் கம்பியில் அலையாக ஓடிவந்து ட்ரான்ஸ்பார்மரின் சுருளைப் பொசுக்கிவிடும். கட்டிடத்துக்கு இடிதாங்கி வைப்பதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750-களிலேயே சொல்லிவிட்டார். ஆனால் மின்கம்பிக்கு அதை அப்படியே வைக்க முடியாது. கம்பியை நேராக எர்த்தில் கட்டிவிட்டால் மின்சாரமே போய்விடுமே! அதனால் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள். மின்னல் வந்தால் அந்த இடைவெளியைத் தாண்டி மண்ணுக்குள் போய்விடும். ஆனால் ஒரு தடவை பொறி பறந்துவிட்டால், அதே பொறியைப் பிடித்துக்கொண்டு லைனில் இருக்கிற மின்சாரமும் பின்னாலேயே எர்த்துக்கு ஓட ஆரம்பித்துவிடும். திருடனைத் துரத்தக் கதவைத் திறந்தால் வீட்டு மாடும் வெளியே போன கதை.

தேவைப்பட்டது தானாகத் திறந்து தானாக மூடும் ஒரு கதவு. லைன் வோல்ட்டேஜில் மூடியிருக்க வேண்டும், மின்னல் வந்த மைக்ரோ நொடியில் திறக்க வேண்டும், போனதும் மூடிக்கொள்ள வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக்கில் அலுமினியம் செல் அரெஸ்டர் என்று ஒன்று செய்தார்கள். அலுமினியக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு மின்பகு திரவம். அலுமினியத்தின் மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் கதவு. ஒரு செல்லுக்குச் சுமார் 300 வோல்ட் வரை தடுக்கும், அதற்கு மேல் போனால் விட்டுவிடும், குறைந்ததும் மறுபடி தடுக்கும். வேலை செய்தது. ஆனால் படலம் கரைந்து போகாமல் இருக்கத் தினமும் ஆள் போய் சார்ஜ் செய்ய வேண்டும்.

ஸ்டைன்மெட்ஸின் அணி இந்தப் பக்கம் உழைக்க, அவர் கணக்குப் பக்கம் உட்கார்ந்தார். நிலையாக ஓடும் மின்சாரத்தை ஜே வைத்து அடக்கியாகிவிட்டது. சுவிட்ச் போட்ட அந்தக் கணத்திலும் மின்னல் விழுந்த அந்தக் கணத்திலும் நடப்பது வேறு. இதற்கு 1909-ல் கணநேர மின் நிகழ்வுகள் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நாம் இன்று சர்ஜ், ட்ரான்சியன்ட் என்று வாயில் போட்டு மெல்லுகிற விஷயம் அதுதான்.

கோடையில் ஆற்றங்கரையில் போய் வேலை செய்வது அவர் வழக்கம். மோஹாக் ஆற்றில் வந்து சேரும் ஓர் ஓடையின் கரையில் மரக் குடில் கட்டியிருந்தார். படகில் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதுதான் மேஜை, தண்ணீரில் மிதந்துகொண்டே கணக்குப் போடுவார். 1920-ல் அந்தக் குடிலில் மின்னல் விழுந்தது! அவர் அப்போது அங்கே இல்லை. வந்து பார்த்தால் மரம் பிளந்து கிடக்கிறது, உள்ளே மேஜை சிதறிக் கிடக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடி சுக்கு நூறு.

நாமாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்போம். இவர் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குழந்தைகள் படத் துண்டு சேர்க்கிற மாதிரி எல்லாவற்றையும் பொருத்தி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். கண்ணாடியின் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சில் மின்னல் எந்த வழியாக உள்ளே வந்தது, எப்படிக் கிளை பிரிந்தது, எங்கே உருக்கியது என்று அத்தனை தடமும் பதிந்திருந்தது. வானத்தில் ஒரு கணம் தெரிந்து மறைகிற ஒன்று தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனால் அதைத் தூக்கி எறிவாரா? அந்தத் தடங்களை வைத்துத்தான் உண்மையான மின்னலின் அளவுகளை மதிப்பிட்டார்.

அதற்கு அப்புறம் செய்ததுதான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அரெஸ்டர் நன்றாக வேலை செய்யுமா என்று எப்படிப் பரிசோதிப்பது? கம்பத்தில் மாட்டிவிட்டு மழைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மின்னல் நாம் கூப்பிட்டா வரும்? அதனால் ஆய்வகத்துக்குள்ளேயே மின்னலைச் செய்துவிட்டார்கள். கண்ணாடித் தகடுகளால் ஆன பெரிய மின்தேக்கிகள், அவற்றை வேக்குவம் டியூப் வழியாக மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவது, நிறைந்ததும் ஒரே அடியாக விடுவது. 1922-ல் அவர் காட்டிய அந்த இயந்திரம் 1,20,000 வோல்ட், 10,000 ஆம்பியர், நேரம் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு. எதிரே வைத்த மரக்கட்டை தூளாகச் சிதறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,20,000-ஐ 10,000-ஆல் பெருக்கினால் 120 கோடி வாட், அதாவது 1,200 மெகாவாட். கூடங்குளத்தின் ஒரு அணு உலை 1,000 மெகாவாட்! ஆனால் நேரத்தால் பெருக்கினால் 12,000 ஜூல்தான். ஒரு 40 வாட் டியூப் லைட் ஐந்து நிமிஷம் எரிகிற செலவு. மின்னலின் கொடுமை அதன் அளவில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் வர வேண்டியது பத்து மைக்ரோ நொடியில் வந்து நிற்கிறது, தாங்குமா நம் ஐ.சி.?

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கம்பெனியின் பிட்ஸ்ஃபீல்டு ஆய்வகத்தில் ஃபிராங்க் பீக் என்பவர் இதைவிட மிக அதிக வோல்ட்டேஜுக்குப் போனார். 1924-ல் ஜெர்மனியின் எர்வின் மார்க்ஸ் மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் சார்ஜ் ஏற்றித் தொடர் இணைப்பில் விடும் சர்க்யூட்டைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் ட்ரான்ஸ்பார்மருக்கு இம்பல்ஸ் டெஸ்ட் செய்வது அந்த மாதிரிதான். ஆனாலும் மின்னலை மேஜைக்குக் கொண்டுவந்து, வோல்ட், ஆம்பியர், நொடி என்று மூன்று எண்ணாகச் சொல்லிக் காட்டிய துணிச்சலுக்கு நான் ஸ்டைன்மெட்ஸைத்தான் கும்பிடுவேன்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பைப் பார்க்கும் எலக்ட்ரானிக் மெஷின் இருக்கிறது. கொழுப்பு எவ்வளவோ அதற்கேற்ற விலை. எங்கள் வீட்டில் இரண்டு எருமை. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அந்த வித்தியாசம்தான் என் பஸ் பாஸும் ஹாஸ்டல் சாப்பாடும். போன வருஷம் சித்திரை மாதக் கோடை மழையில் சொசைட்டிக்குப் பின்னால் இருந்த பனைமரத்தில் இடி விழுந்தது. கட்டிடத்தின் மேல் ஒன்றும் விழவில்லை, ஓடுகூட உடையவில்லை. ஆனால் மெஷின், கம்ப்யூட்டர், பிரின்டர் மூன்றும் காலி. மெஷின் திரும்பி வரும்வரை ஏழு வாரம் எல்லாப் பாலுக்கும் ஒரே விலை. அம்மா தினமும் கேனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பசும்பால் விலைக்கு எருமைப் பாலை ஊற்றிவிட்டு வந்தார். வாய் திறக்கவில்லை, ஆனால் அந்த ஏழு வாரம் வீட்டில் கணக்கு எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும்.

அங்கே ஸ்பைக் பஸ்டர் இருந்தது. அப்புறம் எப்படிப் போயிற்று? எங்கள் தெருவில் வயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் போய்ப் பார்த்தோம். சுவரில் மூன்று ஓட்டை சாக்கெட். எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை! ஸ்பைக் பஸ்டருக்குள் எம்.ஓ.வி. என்று ஒரு வட்ட வில்லை இருக்கும். துத்தநாக ஆக்சைடு துகள்களைச் சுட்டுச் செய்தது, 1960-களின் கடைசியில் ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனியில் கண்டுபிடித்தார்கள். அலுமினியம் செல் செய்த அதே கதவு வேலையைத்தான் இதுவும் செய்கிறது, தினமும் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. நம்ம தெரு ட்ரான்ஸ்பார்மரின் 11 கே.வி. பக்கத்தில் மூன்று அரெஸ்டர் தொங்குகிறதே, இப்போது வருவதெல்லாம் உள்ளே இதே துத்தநாக ஆக்சைடுதான். ஆனால் எர்த்துக்குப் போகிற கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் எர்த் இருக்க வேண்டுமே. இன்னொன்று, இன்டர்நெட் கேபிள் வேறொரு கம்பத்திலிருந்து தனியாக வந்தது. கரன்ட் லைன் ஒரு பக்கம், கேபிள் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டரும் மெஷினும். மின்னல் நேரத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு வோல்ட்டேஜுக்கு எகிறினால் அந்த வித்தியாசம் நடுவில் இருப்பதன் வழியாகத்தான் ஓடும்.

சொசைட்டிச் செயலாளரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம வகுப்புப் பசங்க இரண்டு பேரோடு போய் எர்த் பிட் தோண்டினோம். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. துறையில் அனுமதி வாங்கிக் கொண்டுபோன எர்த் டெஸ்டரில் தண்ணீர் ஊற்றிய பிறகு 4 ஓம் காட்டியது. மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர், கேபிள் உள்ளே வரும் இடத்தில் அதற்கென்று ஒரு சின்ன அரெஸ்டர், இரண்டையும் ஒரே எர்த் பட்டையில் கட்டினோம். இங்கே 4 ஓம் என்பதைவிட அந்த ஒரே பட்டைதான் முக்கியம். 10,000 ஆம்பியர் வந்தால் 4 ஓமில் 40,000 வோல்ட் ஏறத்தான் செய்யும். ஆனால் எல்லாம் சேர்ந்து ஏறினால் யாருக்கும் அடியில்லை. ஆற்றில் வெள்ளம் ஏறும்போது ஒரே பரிசலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தானே மேலே போகிறார்கள்.

எர்த் கம்பியை அழகாக வளைத்து, சுவர் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோகப் பார்த்தான் ஒரு நண்பன். தாத்தா விடவில்லை. அரெஸ்டரை லைனோடும் எர்த் பட்டையோடும் சேர்க்கிற கம்பி அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வளைவும் கூடாது என்றார். அவருக்கு அனுபவம், நமக்குச் சூத்திரம். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ். மின்னல் மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட்! ஓம் கணக்கில் ஒன்றுமே இல்லாத கம்பி, ட்ரான்சியன்ட் கணக்கில் எமன். 1909 புத்தகத்தின் விஷயம் எங்கள் ஊர் சொசைட்டிச் சுவரில் வந்து நின்றது.

நேராகத் தலையில் இடி விழுந்தால் இதெல்லாம் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் வானம் இருட்டினாலே டி.வி. பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிக் கீழே போட்டுவிடுவார். எந்த எம்.ஓ.வி.யையும்விட அது நல்ல பாதுகாப்பு. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கிற சில மில்லிமீட்டர் எம்மாத்திரம். கழற்றுவதை மழைக்கு முன்னால் செய்ய வேண்டும், இடி இடிக்கும்போது கம்பியில் கை வைக்கக் கூடாது.

1922 அக்டோபரில் எடிசன் ஸ்கெனெக்டடிக்கு வந்தார். அப்போது எடிசனுக்கு வயது 75, காது அநேகமாகக் கேட்காது. ஸ்டைன்மெட்ஸ் தன் மின்னல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார், நொறுங்கிய துண்டுகளை இருவரும் கையில் வைத்துப் பார்த்தார்கள். நேர்திசை மின்சாரத்துக்காக வாதாடிய கிழவரும், மாறுதிசைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள், ஸ்டைன்மெட்ஸின் தலை எடிசனின் தோளுக்குக் கீழே இருக்கும்.

அடுத்த வருஷம் ஹேடன் குடும்பத்தோடு ரயிலில் அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போய், வழியெல்லாம் சொற்பொழிவு செய்துவிட்டு மிகவும் களைத்துத் திரும்பினார். 1923 அக்டோபர் 26-ஆம் தேதி காலை, படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 58. ஸ்கெனெக்டடியின் வேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் 200-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

மின்னல் விழுந்த அந்த மரக் குடிலை பிற்பாடு ஹென்றி ஃபோர்டு வாங்கி, டியர்பார்ன் நகரத்தில் பழைய கட்டிடங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.